துப்பாக்கி லைசென்ஸ் மனு: ஸ்டேஷன் விசாரணைக்கு எப்படித் தயாராவது?

மதுரை மாவட்டத்து ஸ்டேஷன்களில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கி லைசென்ஸ் மனு வந்தால் விசாரணை அறிக்கையை எழுதுவது என் மேஜையில்தான். பல மனுக்கள் தள்ளுபடியானதற்குக் காரணம், ‘உயிருக்கு ஆபத்து’ என்பதற்கு மேல் அவற்றில் எதுவும் இல்லாததுதான்.

மதுரை நகருக்குள் குடியிருந்தால் லைசென்ஸ் தரும் அதிகாரி போலீஸ் கமிஷனர், வெளியே என்றால் கலெக்டர். மனுவுக்கான படிவம் ஏ-1. வயது 21 ஆகியிருக்க வேண்டும்.

மனு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்ததும் எல்லாம் இன்ஸ்பெக்டர் பெயரில் போகும் அறிக்கையைப் பொறுத்தது. யார் மிரட்டினார், எப்போது, எதற்காக, அன்றைக்கே புகார் கொடுத்தீர்களா? புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, எஃப்.ஐ.ஆர். நகல் இருந்தால் சேர்த்துவிடுங்கள். அடகுக்கடை வைத்திருப்பவர் ராத்திரி பணத்தோடு எந்த வழியாக வீடு திரும்புகிறார் என்பதையும் எழுதட்டும். அப்புறம் தெருவில் விசாரிப்பார்கள். குடி, பங்காளிச் சண்டை, வீட்டில் அடிதடி எதுவும் மறையாது. வரப்புத் தகராறு ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டாம் என்றுதான் எழுதுவேன். அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

சாப்டூர், பேரையூர் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி கடலையைக் கிளறிவிடுகிறது என்று கேட்டு வருவார்கள். பயிர்க் காவலுக்கு, குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. பட்டா, அடங்கல் வையுங்கள். ஆனால் பன்றியைச் சுட இந்த லைசென்ஸ் அனுமதி ஆகாது. அதற்கு வன உயிரினச் சட்டம் தனியாக இருக்கிறது.

2016ஆம் ஆண்டு விதிகளின்படி போலீஸ் அறிக்கை 30 நாளில் போக வேண்டும். போகாவிட்டால், அதற்குக் காத்திராமலே லைசென்ஸ் அதிகாரி முடிவெடுக்கலாம். தாமதமானால் இதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

மறுத்துவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். பொது அமைதிக்குப் பங்கம் என்று கருதினால் மறுக்கலாம் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. மறுக்க நினைக்கும் அதிகாரிக்கு அது அகலமான வாசல்தான். ஆனால் போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. கூலிக்காரனுக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்ட அதிகாரிகளைப் பார்த்து எனக்கு மனசு கொதித்திருக்கிறது. மறுப்புக்கான காரணத்தை எழுதி வைப்பது அவர்கள் கடமை. நீங்கள் கேட்டால் சுருக்கமாகத் தரவும் வேண்டும். பொதுநலன் கருதி மட்டுமே தராமல் இருக்கலாம். ஆகவே வாய்ப்பேச்சாகச் சொன்ன ‘இல்லை’யோடு திரும்பி வராதீர்கள். உத்தரவை வாங்கி, 18ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யுங்கள்.

கிடைத்துவிட்டால் லைசென்ஸ் 5 வருடம் செல்லும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. வெளியே கொண்டுபோனால் உறையில், முழுக்க மூடித்தான் இருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு, அது யாருடைய உயிருக்காவது ஆபத்தாக அமைந்தால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கச் சொன்னால் அன்றே ஸ்டேஷனில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.