வெளியே இருந்தபடி வீட்டு கேமராவைப் பார்க்க: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

கேமராக்கள் பதிவு செய்யும் டிவிஆர் அல்லது என்விஆர் பெட்டியை இணையத்தின் வழியாகப் பார்க்க வைப்பது கடினமான வேலை அல்ல. அந்நியர் யாரும் பார்க்க முடியாதபடி வைப்பதில்தான் கவனம் தேவை. ஆகவே இந்தச் செய்முறை கடவுச்சொல்லில் தொடங்குகிறது.

படி 1: கடவுச்சொல்லும் மென்பொருளும்

பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மாறாமல் இருந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் தேடிப் பிடித்தே படை திரட்டியது. அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களை முகவரி எண்களாக மாற்றித் தரும் டின் (Dyn) என்ற நிறுவனத்தின் மீது அவை ஒன்றாகப் பாய்ந்தபோது டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் திறக்கவில்லை. உரிமையாளர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெட்டி அதில் பங்கேற்றது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிறகு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான புதிய ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் உள் மென்பொருள்) இருந்தால் நிறுவுங்கள். தினசரி பார்வைக்கு, நேரலையும் பதிவும் பார்க்க மட்டுமே அனுமதி உள்ள தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். நிர்வாகிக் கணக்கைத் தொலைபேசியில் வைக்க வேண்டாம்.

படி 2: நிலையான முகவரி

ரெக்கார்டரை ரவுட்டருடன் கேபிளால் இணையுங்கள். ரவுட்டர் அமைப்பில், சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதிக்குச் சென்று, ரெக்கார்டருக்கு 192.168.1.50 போன்ற ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். முகவரியை ரெக்கார்டரிலேயே நேரடியாக எழுதுவதாக இருந்தால் கேட்வே (வெளியே செல்லும் வழியான ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் சர்வரின் முகவரி) என்ற இரு இடங்களையும் சரியாக நிரப்ப வேண்டும். கேட்வே தவறாக இருந்தால் வீட்டுக்குள் படம் நன்றாக வரும்; வெளியிலிருந்து ஒன்றும் வராது. பலர் இந்த இடத்தில்தான் சிக்கி, குறையை செயலியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

படி 3: வழியைத் தேர்ந்தெடுப்பது

முதலில் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்று காட்டும் எண்ணையும், உங்கள் பொது ஐபியைச் சொல்லும் ஏதேனும் ஓர் இணையதளம் காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்கு பொது முகவரி இருக்கிறது. வேறுபட்டால், குறிப்பாக ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் தெரிந்தால், இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறது. அப்போது வெளியிலிருந்து நேரடியாக உங்கள் ரவுட்டரை அடைய முடியாது.

எளிய வழி, தயாரிப்பாளரின் சொந்த செயலி. ரெக்கார்டரின் நெட்வொர்க் மெனுவில் பி2பி அல்லது கிளவுட் என்பதை இயக்கி, திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டைச் செயலியில் ஸ்கேன் செய்தால் போதும். ரெக்கார்டரே வெளியே சென்று இணைப்பைத் தொடங்குவதால் பகிரப்பட்ட முகவரியிலும் இது வேலை செய்கிறது. ஆனால் உங்கள் வீட்டுப் படத்துக்கான பாதை அந்த நிறுவனத்தின் சர்வரை நம்பியிருக்கும்.

நான் பரிந்துரைப்பது விபிஎன், அதாவது தொலைபேசிக்கும் வீட்டு வலையமைப்புக்கும் இடையே பூட்டிய தனிப்பாதை. பொது முகவரி இருந்து, ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் வசதியும் இருந்தால் அதை இயக்கி, அது தரும் க்யூஆர் குறியீட்டை தொலைபேசியின் வயர்கார்டு செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். பொது முகவரி இல்லையென்றால், அது இல்லாமலே இயங்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை உதவும். ரெக்கார்டரில் அதைப் பொதுவாக நிறுவ முடியாது என்பதால், எப்போதும் இயங்கும் ஒரு சிறிய கணினியில் நிறுவி, 192.168.1.0/24 என்ற வீட்டு வலையமைப்பை அதன் வழியே அறிவித்து, நிர்வாகப் பக்கத்தில் ஒப்புதல் தர வேண்டும். பிறகு எந்த ஊரிலிருந்தும் அதே 192.168.1.50ஐத் திறக்கலாம். வீட்டுக்குள் இருப்பது போலவே எல்லாம் நடக்கும்.

வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் நேராக ரெக்கார்டருக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கைத் தவிர்த்துவிடுங்கள். அது ரெக்கார்டரின் உள்நுழைவுப் பக்கத்தை உலகம் முழுவதற்கும் காட்டுகிறது. கடவுச்சொல் வலுவாக இருந்தாலும் போதாது: 2021இல் ஹிக்விஷன் என்ற கேமரா நிறுவனத்தின் சாதனங்களில் வெளிப்பட்ட ஒரு குறை, கடவுச்சொல் இல்லாமலே கட்டளைகளை இயக்க அனுமதித்தது, அதன் தீவிரம் 10க்கு 9.8 என்று மதிப்பிடப்பட்டது. சாதனங்கள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யுபிஎன்பி வசதி ரவுட்டரில் இயங்கினால் ரெக்கார்டரே உங்களைக் கேட்காமல் போர்ட்டைத் திறந்துகொள்ளக்கூடும். அதையும் நிறுத்திவிடுங்கள்.

படி 4: சோதனை

தொலைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வைஃபையில் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. படம் திக்கித் திக்கி வந்தால் வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். ஒரு கேமராவின் முதன்மை ஓட்டத்துக்கு (முழுத் தெளிவான படம்) 4 எம்பிபிஎஸ் வைத்திருந்தால், நான்கு கேமராக்களுக்கு 16 எம்பிபிஎஸ் தேவை. தொலைவிலிருந்து பார்க்கும்போது செயலியில் துணை ஓட்டத்தை (தெளிவு குறைந்த, சிறிய படம்) தேர்ந்தெடுங்கள். அது பெரும்பாலும் 512 கேபிபிஎஸ் போன்ற குறைந்த அளவிலேயே ஓடும்.

கடைசியாக ரவுட்டர், ரெக்கார்டர், விபிஎன் கணினி மூன்றின் மின்சாரத்தையும் நிறுத்தி மீண்டும் கொடுங்கள். யாரும் தொடாமலே மூன்றும் எழுந்து, சில நிமிடங்களில் மொபைல் டேட்டாவில் படம் தெரிந்தால் நீங்கள் பயணத்துக்குக் கிளம்பலாம்.