பள்ளிகொண்டா டோல்கேட்டில் மாதாமாதம் விடும் காசு

வேலூர்க்காரர்களுக்கு டோல்கேட் இரண்டு பக்கமும் உண்டு. சென்னைப் பக்கம் வாலாஜா அருகே சென்னசமுத்திரம், பெங்களூர்ப் பக்கம் பள்ளிகொண்டா. ராணிப்பேட்டையோடு திரும்புகிறவர்களுக்குக் கவலையில்லை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளுக்குச் சொந்தக் காரில் தினமும் போய் வருகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

முதல் தவறு, இப்போது அதிகம் பேர் செய்வது: கண்ணை மூடிக்கொண்டு ஃபாஸ்டேக்கில் (கார் கண்ணாடியில் ஒட்டும் டோல் ஸ்டிக்கர்) வருடாந்திர பாஸ் வாங்குவது. 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. "ஒரு வருஷத்துக்கு டோலே கிடையாதாம்" என்று என் தம்பி முதல் வாரமே வாங்கினான். அவன் படிக்காமல் விட்டது, ஒரு வருடம் அல்லது 200 ட்ரிப், இதில் எது முதலில் முடிகிறதோ அதுதான் கணக்கு என்பதை. பள்ளிகொண்டா போன்ற சாவடியில் போவது ஒரு ட்ரிப், வருவது இன்னொன்று. மாதம் 26 நாள் வேலை என்றால் 52 ட்ரிப். நாலு மாதத்துக்குள் 200 தீர்ந்துவிடும். பொங்கல் வருவதற்குள் அவன் பாஸ் காலி.

அப்படியும் அது மோசமான பேரம் இல்லை. அவன் வாங்கிய விலைக்கு ட்ரிப்புக்கு 15 ரூபாய்தான் விழுந்தது, மாதத்துக்கு 780. ஆனால் அவன் வீடு பொய்கையில். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்து, சொந்த உபயோகத்துக்கான ஒயிட் போர்டு வண்டி வைத்திருப்பவருக்கு லோக்கல் பாஸ் என்று ஒன்று தனியாக உண்டு. 2008ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளிலேயே இருக்கிறது. 2025-26இல் மாதம் 350 ரூபாயாக இருந்தது. அந்த ஒரு சாவடியில் எத்தனை முறை போனாலும் அதே தொகைதான். பாதி விலைக்குக் கிடைப்பதை விட்டுவிட்டு இவன் முழு விலை கொடுத்திருக்கிறான்.

லோக்கல் பாஸில் இரண்டு இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, முகவரி. ஆதாரில் இன்னும் சொந்த ஊர் திருவண்ணாமலை என்று இருக்கும், ஆள் விரிஞ்சிபுரத்தில் வாடகைக்கு இருப்பார். கவுன்ட்டரில் பார்ப்பது காகிதத்தைத்தான். முதலில் ஆதாரையும் ஆர்.சி.யையும் சரிசெய்துகொண்டு போங்கள். இன்னொன்று, சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ இருந்தால் இந்தப் பாஸ் தர வேண்டியதில்லை என்றும் அதே விதி சொல்கிறது. அதனால் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வீட்டுக் கணக்குப் போடுங்கள். காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் இருக்கிறவர்கள் 20 கிலோமீட்டர் எல்லையில் தொங்குவார்கள். அவர்கள் தூரத்தை அளந்து பார்த்துவிட்டே கிளம்புவது நல்லது. எல்லைக்கு வெளியே என்றால் வருடாந்திர பாஸ்தான் லாபம்.

மஞ்சள் போர்டு வண்டிக்கு இந்த இரண்டும் கிடையாது. மாதம் 50 ட்ரிப் பாஸ் உண்டு. 50 ஒற்றைப் பயணத்துக்கு ஆகும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு. எந்தப் பாஸும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் வரும்போது பாதிதான் பிடிப்பார்கள். வெள்ளிக்கிழமை பெங்களூர் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிட்டு "பாதி ஏன் குறையவில்லை" என்று சண்டை போட்டுப் பயனில்லை.

டோலுக்குப் பயந்து ஊருக்குள் புகுந்து சுற்றிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். லிட்டர் நூறு ரூபாய், வண்டி 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால், பத்து கிலோமீட்டர் சுற்றினால் 67 ரூபாய் போச்சு. ஸ்பீடு பிரேக்கரும், குறுக்கே வரும் ஆடும் தனி. பைக் ஓட்டுகிறவர்கள் இந்தப் பேச்சுக்கே வர வேண்டாம், அவர்களுக்கு நெடுஞ்சாலை டோல் கிடையாது.

பாஸ் இருக்கிறதே என்று ஃபாஸ்டேக் வாலட்டைக் காலியாக விடுவது அடுத்த தவறு. வருடாந்திர பாஸ் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும். லீவுக்கு மகாபலிபுரம் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் இதை உணர்வார்கள். அது மாநிலச் சாலை, பணம் வாலட்டிலிருந்துதான் போகும். 200 முடிந்த 201ஆவது தடவையும் அப்படித்தான்.

போன வருடம் ஒரு காலை ஆறே முக்காலுக்கு என் காருக்குத் தடுப்புக் கட்டை தூக்கவில்லை. கையில் ஸ்கேனரோடு வந்த பையன் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "பிளாக்லிஸ்ட் சார்" என்றான். பேலன்ஸ் 600 ரூபாய் இருந்தது. கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லி வங்கி அனுப்பிய மெசேஜை விளம்பரம் என்று நினைத்து அழித்திருக்கிறேன். பின்னால் முட்டைக்கோஸ் லாரி ஹாரன் அடிக்கிறது, நான் பர்ஸைத் தேடுகிறேன். இரட்டிப்பு கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். 2025 நவம்பர் 15 முதல் இந்த நிலைமையில் யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்குதான்; அந்த விதி வந்தபோது ரொக்கத்துக்கு முன்போலவே இரு மடங்கு என்றுதான் இருந்தது. ஆகவே பர்ஸைத் தேடாமல் போனை எடுங்கள்.

புது கார் வாங்கியவர்களுக்கு ஒன்று. ஷோரூமில் ஒட்டிக் கொடுக்கும் டேக் பல சமயம் சேசிஸ் நம்பரில்தான் பதிவாகியிருக்கும். வண்டி நம்பரை ஏற்றாத வரை வருடாந்திர பாஸ் கிடைக்காது. டேக்கைக் கண்ணாடியில் ஒட்டாமல் டாஷ்போர்டில் போட்டுக் கையில் காட்டுவதும் வேண்டாம், அதற்காகவே முடக்குகிறார்கள். வீட்டு வாசலில் நின்ற வண்டிக்குப் பணம் போனதாக மெசேஜ் வந்தால் சாவடிக்கு ஓடாதீர்கள். மெசேஜைப் பத்திரமாக வைத்துக்கொண்டு டேக் கொடுத்த வங்கியிலோ தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033இலோ அன்றைக்கே புகார் சொல்லுங்கள்.