ஓட்டோ கியர் முரண்டு பிடிக்கிறதா? கியர்பொக்ஸை இறக்குமுன் இவற்றைப் பாருங்கள்

பழைய டொயோட்டா கொரோலா 121-இல் ஓட்டோ கியர் கோளாறு என்று கராஜுக்குப் போனால், பெரும்பாலும் முதலில் காதில் விழுவது "கியர்பொக்ஸ் மாற்ற வேண்டும்" என்பதுதான். என் காருக்கும் அதே தீர்ப்பு வந்தது. ஜப்பானில் கழற்றி வந்த கியர்பொக்ஸ் ஒன்றுக்கு விலைகூடப் பேசிவிட்டார்கள். கடைசியில் பழுது ஒரு வயர் இணைப்பில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த வழியை அதே வரிசையில் எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள்; செலவில்லாதது முன்னே, செலவு வைப்பது பின்னே.

முதலில் ஒயில்

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். கால் மணி நேரமாவது ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். எஞ்சினை அணைக்க வேண்டாம். கைபிரேக்கைப் போட்டு, கால்பிரேக்கையும் மிதித்தபடி, கியர் தண்டை பி-யிலிருந்து எல் வரை நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஓரிரு விநாடி நிறுத்திவிட்டு மறுபடி பி-க்கு வாருங்கள். பிறகு கியர் ஒயில் கம்பியை உருவித் துடைத்து, அடிவரை செருகி, மீண்டும் உருவுங்கள். சூட்டு நிலைக்கான இரண்டு குறிகளுக்கும் நடுவே ஒயில் நிற்க வேண்டும்.

கம்பியின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஒயில் ஒரு பக்கத்தில் பட்டு, அளவைக் கூட்டிக் காட்டும். குறைவாகக் காட்டும் பக்கத்தையே நம்புங்கள். ஓடாத எஞ்சினில் பார்த்தாலும் இந்தக் காரில் அளவு கூடுதலாகவே தெரியும்.

ஒயில் சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பு என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்தது போல இளஞ்சிவப்பாக இருந்தால் காரை அதற்குமேல் ஓட்டாதீர்கள்: ரேடியேற்றருக்குள் இருக்கும் கியர் ஒயில் குளிரூட்டி உடைந்து தண்ணீர் கலந்துவிட்டது.

கியர் ஒயில் எஞ்சின் ஒயிலைப் போல எரிந்து குறைவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரத் தண்டு நுழையும் இடத்து சீல்கள், அடித்தட்டின் கஸ்கெட், குளிரூட்டிக்குப் போகும் ரப்பர் குழாய்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

மாற்றுவதானால் டொயோட்டாவின் டைப் டி-4 ஒயிலையே வாங்குங்கள். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று விற்கும் போத்தல்களை நான் தொடுவதில்லை. அடிபோல்ட்டைக் கழற்றினால் ஏறத்தாழ 3 லீற்றர்தான் வடியும். மீதி டோர்க் கன்வேர்ட்டரில் (எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் பகுதியில்) தங்கிவிடும். வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் இன்னொரு முறை வடித்து ஊற்றுவதே என் வழக்கம். பல காலம் ஒயில் மாற்றாத கியர்பொக்ஸை இயந்திரத்தால் அழுத்திக் கழுவுவதற்கு நான் உடன்படவே மாட்டேன். அடித்தட்டின் காந்தங்களில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் பயமில்லை. இரும்புச் சில்லுகள் இருந்தால் மட்டுமே கியர்பொக்ஸைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

அடுத்தது விளக்குகளின் கணக்கு

ஒயில் சரியாக இருந்தும் கார் ஒரே கியரில் சிக்கிக்கொள்கிறது, அல்லது கியர் மாறும்போது எஞ்சின் வீணாக உறுமுகிறது என்றால், காரின் கணினி என்ன பதிந்து வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மலிவான புளூடூத் ஸ்கானர் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பல கார்களில் இணையவே இணையாது. அதில் காசைக் கொட்டுவதைவிட ஒரு நல்ல மல்டிமீற்றர் வாங்குங்கள். கோளாறு எண்ணைப் படிக்க ஒரு துண்டு வயர் போதும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். ஸ்டியரிங்கின் கீழே, ஸ்கானர் செருகுவதற்கென்று இருக்கும் 16 துளைச் சொருகியைத் தேடுங்கள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். அகலமான பக்கம் மேலே வருவதாக மனத்தில் வைத்துக்கொண்டுதான் எண்ண வேண்டும், ஏனெனில் சொருகி தலைகீழாகவும் பொருத்தப்பட்டிருக்கலாம். மேல் வரிசையில் இடமிருந்து 1 முதல் 8 வரை, கீழ் வரிசையில் 9 முதல் 16 வரை. இணைக்க வேண்டியவை 4-உம் 13-உம். அதாவது மேல் வரிசையில் நான்காவது, கீழ் வரிசையில் ஐந்தாவது. கீழ் வரிசையின் வலது கோடியில் உள்ள 16-இல் எப்போதும் பற்றரியின் நேர் மின்சாரம் இருக்கும். அதை 4-உடன் இணைத்தால் பியூஸ் போய்விடும். டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு முறை எண்ணிய பின், சாவியைப் போடாமலே வயரைச் செருகுங்கள்.

பிறகு சாவியை 'ஓன்' நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சினை இயக்க வேண்டாம். வேகமுள் பலகையில் உள்ள ஓ/டி ஓஃப் (ஓவர்டிரைவ் நிறுத்தம்) விளக்கு இடைவிடாமல் சீராகச் சிமிட்டினால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. ஆறு முறை சிமிட்டி, சற்று நின்று, இரண்டு முறை சிமிட்டினால் எண் 62. அது கியர் மாற்றும் முதலாம் சொலினொயிட்டின் (மின்சாரத்தால் இயங்கும் ஒயில் வால்வின்) மின்சுற்று. 63 இரண்டாம் சொலினொயிட், 64 டோர்க் கன்வேர்ட்டரைப் பூட்டும் சொலினொயிட், 42-உம் 61-உம் வேக சென்சர்கள். வேகமுள் ஆடிக்கொண்டே கியர் முரட்டுத்தனமாக மாறினால் 42-ஐ எதிர்பார்க்கலாம்.

என் காரில் வந்தது 62. எண் சொல்வது மின்சுற்றை. சொலினொயிட் போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை. பற்றரியையும் காற்று வடிகட்டிப் பெட்டியையும் கழற்றினால் கியர்பொக்ஸின் மேல் வயர் இணைப்பு தெரியும். அதைப் பிரித்தபோது ஒரு முள் பச்சை பூத்திருந்தது; வயரை மெல்ல இழுத்ததும் உறையோடு கழன்று வந்துவிட்டது. மேலே இருந்த பற்றரியின் அமிலம் பல காலம் வடிந்த இடம் அது. கியர்பொக்ஸ் பக்கத்து முள்ளுக்கும் கியர்பொக்ஸ் உடலுக்கும் இடையே மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன். இந்த சொலினொயிட்டுக்கு 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும், அப்படியே இருந்தது. முள்ளை மாற்றி, வயரைப் பற்றவைத்து, பற்றரியைக் கழற்றிப் பதிவை அழித்ததும் கார் நான்கு கியரும் ஏறியது.

குளிர்ந்த நிலையில் சரியாகக் காட்டும் சொலினொயிட் சூட்டில் அறுந்து போவதும் உண்டு. ஓடி வந்த சூட்டிலும் ஒரு முறை அளந்துவிடுங்கள்.

கியர்பொக்ஸ் என்று தோன்றும், ஆனால் அதுவல்ல

ஓவர்டிரைவ், அதாவது கடைசி கியர், ஏறவில்லையா? எஞ்சின் சூடு ஏறும்வரை கணினியே அதைத் தடுத்து வைக்கும். எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி நின்றுவிட்டால் நெடுந்தூரம் ஓடியும் இதே கதைதான். டி-யில் போட்டதும் "டக்" என்று இடிக்கிறதா? எஞ்சின் தாங்கி ரப்பர்களைப் பாருங்கள். பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் என்-இல் மட்டும் ஆகிறதா? கியர் கேபிளின் அளவையும் நியூட்ரல் சுவிட்சையும் பாருங்கள்.

பின்சேர்க்கை: பி-யிலிருந்து கியர் நகரவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டு, பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். எரியவில்லை, பிரேக் சுவிட்ச்தான் பழுது. அவசரத்துக்குக் கியர் தண்டின் அருகே உள்ள ஷிப்ட் லொக் பொத்தானை அழுத்தி நகர்த்தலாம்.

இன்னொரு பின்சேர்க்கை: ஹொண்டா வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன அளவு முறையைப் பின்பற்ற வேண்டாம். கம்பி உள்ள பழைய ஹொண்டாக்களில் சூடான எஞ்சினை அணைத்த உடனே, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். சிவிரி (CVT, படிப்படியான கியர்கள் இல்லாத ஓட்டோ) கியர்பொக்ஸ் என்றால் அதற்கென்று உள்ள ஒயில் மட்டுமே. டி-4 ஒயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள்.