எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை?

எங்கள் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு இரண்டு வருடம் ஒரு வைக்கோல் போரின் தலைமேல் கிடந்தது. கிராம சபையன்று கட்டிய ஃபிளெக்ஸ் அது. கூட்டம் கலைந்ததும் யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்ப் போருக்குப் போர்த்திவிட்டார்கள். ஐப்பசி மழைக்கு நல்ல காப்பு. நான் குறை சொல்ல மாட்டேன். கட்டியிருந்தபோது அதனால் யாருக்கும் இவ்வளவு பயன் இருந்ததில்லை. ஒன்பதடி உயரத்தில், எறும்புச் சாரை போன்ற எழுத்தில், வரவு செலவு எழுதும் படிவம் 30-இன் சுருக்கம். கீழே பாயில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அதில் தலைப்பு மட்டும்தான் தெரிந்தது. 'கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது' என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. பொய்யில்லை. வைத்தோம். பார்க்கத்தான் வழியில்லை.

திருவாரூர் மாவட்டத்துக் கடைமடை ஊர் ஒன்றில் 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி 5 வரை நான் வார்டு உறுப்பினர். பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி போனபின், அதே கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவள் ஆனேன். மேசைப் பக்கமும் பாய்ப் பக்கமும் இரண்டும் தெரியும் என்பதால், கிராம சபைக்கு முதல் முறை போகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உறுப்பினராக வர நினைக்கிறவர்களும் படிக்கலாம். அவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பதவிக்கு வந்த முதல் வருடம், 'தெற்குத் தெரு பாசன வாய்க்கால் தூர்வாருதல், 800 மீட்டர்' என்று ஒரு தீர்மானம் வாசித்தார்கள். கை தூக்கினேன், கையெழுத்தும் போட்டேன். சி, டி வாய்க்கால் என்று நாங்கள் சொல்கிற கிளை வாய்க்கால் அது. எங்கள் எல்லைக்குள் மட்டும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வேலை நடந்தது. 800 மீட்டர் சரியாகவே நடந்தது, தலைப்பிலிருந்து. கீழ்ப்பக்கம் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டியது மண்டியபடி. தண்ணீர் வந்தபோது மேலே விறுவிறுவென்று ஓடிவந்து, தூர்வாராத இடத்தில் முட்டி, பக்கத்து வயல்களில் ஏறியது. எங்கள் வார்டுக்கு எட்டவே இல்லை. பெரியவர் ஒருவர் தோளில் மண்வெட்டியோடு என் வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "நீதானே ஆயி கையெழுத்துப் போட்டாய்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. எந்த 800 மீட்டர் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அன்றிலிருந்து எந்தத் தீர்மானம் வாசித்தாலும் என் வாயில் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை, அண்ணே?" சாலையானால் யார் வீட்டிலிருந்து யார் வீடு வரை. குழாயானால் எந்த மேல்நிலைத் தொட்டியின் இணைப்பு. இடத்தைச் சொன்னபின் நீளம், அடியகலம், ஆழம். பிறகு எந்தத் திட்டத்தின் பணம், எவ்வளவு, எப்போது முடியும். வாய்க்கால் வேலையில் இன்னொன்றும் கேட்கவேண்டும்: வெட்டிய மண்ணை எங்கே போடப் போகிறார்கள்? கரையோரமே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் பாதி மண் மறுபடி உள்ளே இறங்கிவிடும். இதைக் கேட்டபோது, கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வந்திருந்த பற்றாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

எந்த நாளில் எதைக் கேட்பது

வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்ததோடு, 2022-இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்தன. எல்லா நாளும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் வேளாண்மைக்கு ஒரு பருவம் இருப்பதுபோல் கேள்விக்கும் பருவம் உண்டு.

பெரும்பாலானவர்கள் மே 1 அன்று வாய்க்காலைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். மே 1 அன்று கேட்டு, எஸ்டிமேட் போட்டு, ஒப்புதல் வாங்கி, ஆள் இறங்குவதற்குள் தண்ணீர் கல்லணை தாண்டியிருக்கும். வாய்க்காலுக்கு ஜனவரி 26 சரியான நாள். சம்பா அறுவடையின் நடுவில் வரும், ஆள் சேராது, உண்மைதான். ஆனால் எந்த வயலில் தண்ணீர் நின்றது, எந்த வடிகால் அடைத்தது என்பது அப்போதுதான் காலில் சேறாக ஒட்டியிருக்கும். அன்று விட்டால் மார்ச் 22. உளுந்து, பயறு வேலைக்கு நடுவே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அக்டோபர் 2-ஐ மட்டும் தவறவிடக் கூடாது. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேசப்படுகிற காலம் அது. இனிப்பு கொடுத்து, காந்தி படத்துக்கு மாலை போட்டு, திட்டத்தை நான்கு நிமிடத்தில் வாசித்து முடித்துவிடுவார்கள். அந்த நான்கு நிமிடத்தில் இல்லாத வேலை அடுத்த வருடம் நடப்பது அபூர்வம். எந்தப் பணம் எதற்குக் கட்டுண்டது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாம் நிதி ஆணைய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே. அந்தப் பணத்தில் சமுதாயக் கூடம் கேட்டு அரை மணி நேரம் சண்டை போட்ட கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். ஊராட்சி இணையத்தில் ஏற்றிய திட்டத்தை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒன்றைப் பிடித்து, சென்ற வருடத் திட்டத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். கையில் தாளோடு வருகிறவருக்குக் கிடைக்கிற பதிலே வேறு.

ஊருக்குச் சொல்வது

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் அறிவிப்பு வரவேண்டும். முன்பு தண்டோரா போடுவார்கள். பறையை ஒரு சாதியின் தோளில் ஏற்றி ஊர் சுற்றவைக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022-இல் தலைமைச் செயலரே ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்லது, நின்றது. இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி. ஆட்டோ தார்ச் சாலை உள்ள இடம் வரைதான் போகும். அதற்கு அப்பால் இருக்கும் தெருவுக்குக் காற்று அடிக்கிற திசையைப் பொறுத்துச் செய்தி. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் காகிதத்தைப் படிப்பவை ஆடுகள்.

மக்கள் நிற்கிற இடத்தில் சொல்லுங்கள். காலை பால் ஊற்றும் இடம், ரேஷன் கடை வரிசை, அறுவடைக் காலமானால் நெல் கொள்முதல் நிலையம். அங்கே மூட்டையோடு காத்துக் கிடக்கிறவருக்கு உங்கள் பேச்சைக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. 'கிராம சபைக்கு வாருங்கள்' என்று மட்டும் சொன்னால் வரமாட்டார்கள். 'கீழ வாய்க்கால் மதகு பற்றிப் பேசுகிறார்கள், பதினொரு மணிக்கு' என்றால், அந்த மதகில் தண்ணீர் வாங்குகிற அத்தனை பேரும் வந்துவிடுவார்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் பல வருடம் கூட்டம் பெரிய தெருவில்தான் நடந்தது. காலனிப் பெண்கள் வந்தார்கள், ஓரமாக நின்றார்கள், கையெழுத்திட்டுப் போனார்கள். ஒரு முறை சண்டை பிடித்து அவர்கள் தெருப் பள்ளிக்கூட வளாகத்தில் நடத்தவைத்தோம். அன்று பேசியவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். பெரிய தெருக்காரர்கள் சிலர் வெயில் அதிகம் என்று வரவில்லை. இரண்டு தெருவுக்கும் வெயில் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். நாற்காலியும் கவனிக்கவேண்டியது: இருபது நாற்காலி போட்டால் இருபதிலும் ஆண்கள். எல்லோருக்கும் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் பாய்.

கேட்கும் முறை

"தெருவிளக்கு ஏன் எரியவில்லை?" என்று கேட்டால் "பார்க்கிறோம் அம்மா" என்று பதில் வரும். அதற்குமேல் நீங்கள் கத்தலாம், பதில் மாறாது. எண்ணிவிட்டுக் கேளுங்கள். ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மகளிர் குழுவில் இரண்டு பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு நடந்தோம். எங்கள் வார்டில் முப்பத்தொரு கம்பம், பதினெட்டில் வெளிச்சம். கூட்டத்தில் கேட்டது இதுதான்: சென்ற கிராம சபைக்குப் பிறகு எத்தனை பல்பு வாங்கப்பட்டது, எங்கள் வார்டில் எந்தக் கம்பத்தில் மாட்டப்பட்டது? ஊராட்சிச் செயலர் பில்லைப் புரட்டினார். பல்பு வாங்கியது உண்மை. பெரும்பாலானவை பேருந்து நிறுத்தத்தைச் சுற்றியே மாட்டியிருந்தது. அடுத்த வாரம் எங்கள் பக்கம் ஏணி வந்தது. யாரையும் திருடன் என்று சொல்லாததால்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

கணக்கையும் அப்படியே கேளுங்கள். மொத்தத் தொகை காதில் நிற்காது. வீட்டு வரியாக நம்மிடமிருந்து எவ்வளவு வந்தது, மோட்டாருக்கும் விளக்குக்கும் மின்கட்டணம் எவ்வளவு போனது, பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு: இந்த மூன்றை மட்டும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இதை வாசித்த அன்று, வரி பாக்கி வைத்திருந்த இரண்டு பேர் கூட்டம் முடியும் முன்பே மெதுவாக எழுந்து போனார்கள்.

கையெழுத்து

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர். 3,000 வரை 100. 10,000 வரை 200. அதற்கு மேல் 300. வந்தவர்களை நீங்களே எண்ணுங்கள். எண்ணிக்கை காணாதபோது 100 நாள் வேலை நடக்கும் இடத்துக்கே பதிவேட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிய கதையை, கண்ணால் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

தீர்மானத்தை எழுதி முடித்து, வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். 'நீங்கள் போட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் பிறகு எழுதிக்கொள்கிறோம்' என்பார்கள். பசி நேரம், பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரம், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். காத்திருங்கள். கையில் ஒரு பொட்டலம் கடலை வைத்துக்கொண்டால் காத்திருப்பது எளிது. வாசித்ததில் இடம், அளவு, தொகை விட்டுப்போயிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்குக் கீழே இடம் காலியாக இருந்தால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கையெழுத்தோடு பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள்.

கூட்டத்துக்குப் பிறகு

எங்கள் மகளிர் குழு ஒரு கரும்பலகை வாங்கி ரேஷன் கடை திண்ணைக்கு மேல் மாட்டியது. கிராம சபை முடிந்த மாலையே அதில் எழுதிவிடுவோம்: 'கீழ வாய்க்கால். பிள்ளையார் கோயில் மதகு முதல் சுடுகாட்டு மதகு வரை. மார்ச்சுக்குள்.' அவ்வளவுதான், அலுவலகத் தமிழ் வேண்டாம். 'மேற்படி பணியினை மேற்கொள்ள ஏகமனதாக' என்று தொடங்கினால் யாரும் இரண்டாம் வரிக்கு வரமாட்டார்கள். வேலை முடிந்தால் பக்கத்தில் ஒரு சரி போடுவோம். சரி விழாத வரிகளை அழிப்பதில்லை. பலகையில் ஒரு வரி பதினான்கு மாதம் இருந்தது. சாக்பீஸ் மங்க மங்க ஒரு பள்ளிக்கூடப் பையன் அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தை நான் கடைசியில்தான் சொல்வேன். 10 ரூபாய் கட்டணம், கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தரவேண்டும். தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பவேண்டும். பலர் 'சென்ற ஐந்து ஆண்டு முழுக் கணக்கும் வேண்டும்' என்று கேட்டு, பக்கத்துக்கு 2 ரூபாய் கணக்கில் வருகிற தொகையைப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு வேலையின் எஸ்டிமேட்டும், நடந்த வேலையின் அளவை எழுதிவைக்கும் எம்.புக்கும் கேளுங்கள். அல்லது ஆவணத்தை நேரில் பார்வையிட வேண்டும் என்று எழுதுங்கள். அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. எம்.புக்கில் உள்ள அளவையும் கயிறு பிடித்து நீங்கள் எடுத்த அளவையும் ஒரே தாளில் எழுதி அடுத்த கிராம சபையில் வாசித்தால் போதும்.

பேரூராட்சி, நகராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும்தான். அதைப் பற்றி அங்கே உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதவேண்டும்.

வாய்க்காலை அளக்க டேப் வாங்கவேண்டாம். பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு போதும், சேற்றில் அதுதான் உழைக்கும். இரண்டு பேர் கரையில், ஒருவர் உள்ளே. உள்ளே இறங்குகிறவர் கடைசி மதகிலிருந்து மேல்நோக்கி நடக்கட்டும்.