பழைய விசயன் இசைத்தட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செபுவுக்கும் டவாவோவுக்கும் மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் சிலர், திரும்பி வரும்போது பழைய இசைத்தட்டுகளையும் கொண்டுவருகிறார்கள். பிலிப்பைன்ஸின் விசயன் தீவுகளில் பிறந்த காதல் பாட்டுகள், நாட்டுப் பாட்டுகள். அங்கே பழைய வீட்டைக் காலி செய்பவர்களிடம் வாங்கியவை. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த தவறுகளையே இவர்களும் செய்யும்போது சும்மா இருக்க முடியவில்லை. தட்டை வெயிலில் வைக்காதே, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்காதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

பெரும்பாலும் எல்லோரும் பாடகி பிலிட்டா கொராலஸின் எல்பி தட்டுகளில்தான் (ஒரு பக்கத்திலேயே பல பாட்டுகள் கொண்டவை) தொடங்குகிறார்கள். செபுவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் பாடிப் பெயர் வாங்கி, ஊர் திரும்பி ஆசியா முழுக்க அறியப்பட்டவர். பென் சுபிரி எழுதிய ‘மாதுத் நிலா’வை அவர் குரலில் கேட்டவர்கள் அடுத்த தட்டைத் தேடாமல் இருக்க மாட்டார்கள். அந்த எல்பிக்கள் வினைல் என்ற பிளாஸ்டிக். தண்ணீரில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்து துடைத்தால் அழுக்கு போகும், தட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தோடு, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடும் பழைய தட்டைக் கையில் எடுக்கிறார்கள். கெடுவது அங்கேதான்.

பழைய 78 தட்டு அரக்கால் ஆனது. அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்திச் செய்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஆசாரியைக் கேட்டுப் பாருங்கள், அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் பாலிஷே தயாரிக்கிறார். தட்டின் மேல் ஸ்பிரிட் பட்டால் பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தின் சுவரே இளகிவிடும்.

இதில் ஏமாற்றுவது துணிதான். துடைக்கத் துடைக்கத் துணி கறுப்பாகிக்கொண்டே வரும். ‘எவ்வளவு அழுக்கு!’ என்று இன்னும் அழுத்தித் துடைக்கத் தோன்றும். வருவதில் பாதி அழுக்கு, பாதி தட்டு. காய்ந்ததும் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்து நிற்கும். ஊசியை வைத்தால் இரைச்சல்தான் மேலே, பாட்டு எங்கோ அடியில்.

போன வருடம் ஒரு தம்பி பலிதாவ் பதிந்த தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பலிதாவ் என்பது ஆணும் பெண்ணும் பாட்டாலேயே வாதாடும் விசயன் வடிவம். அவன் காதலைச் சொல்லிக் கெஞ்சுவான், அவள் மடக்குவாள். முதல் பக்கத்தை அவர் கைக்குப் போடும் சானிடைசரால் (அதிலும் ஸ்பிரிட்தான்) துடைத்து முடித்திருந்தார். அந்தப் பக்கத்தில் கிட்டார் இருப்பதே தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தைத் தொடும் முன் என்னிடம் வந்ததால் அது தப்பித்தது. மடக்கும் பதில்கள் துல்லியமாகக் கேட்கின்றன, எதற்குப் பதில் என்றுதான் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தட்டென்றால் இன்னொரு பிரதி கிடைக்கும் என்று நம்பி எதையும் செய்யாதீர்கள். அந்தப் போரில், 1945இல், தலைநகர் மணிலாவின் பெரும்பகுதி எரிந்து தரைமட்டமானது; அதோடு போன தட்டுகள் எத்தனையோ.

சரி, எப்படித் துடைப்பது? காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு மிதமான பாத்திரம் கழுவும் திரவம். மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் தேயுங்கள். நடுவிலுள்ள லேபிளில் ஈரம் படக் கூடாது. உடனே துடைத்து நிறுத்திவையுங்கள், ஊறப்போட வேண்டாம். கொலம்பியா கம்பெனியின் பழைய தட்டுகள் சிலவற்றுக்குள் காகிதத் தாள் உண்டு, விளிம்பு விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் உப்பிக்கொள்ளும்.

கனமாக, வளையாமல், ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் இருந்தால் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடு ஓட்டையின் ஓரத்தில் அலுமினியம் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேலுள்ள லாக்கர் பூச்சில் பள்ளத்தை நேரடியாக வெட்டிப் பதிந்த தட்டு. அதற்கும் ஸ்பிரிட் ஆகாது, அதைப் பழைய கிராமபோனில் போடவே கூடாது.

எல்பி ஊசி

78 தட்டுக்கு ஆகாது. ஏறக்குறைய 75 மைக்ரான் முனை உள்ள ஊசியைத் தனியாக வாங்குங்கள்.

வேகம்

எல்லாம் 78 இல்லை. 1925க்கு முந்தைய கொலம்பியா தட்டுகள் பல 80இல் பதிந்தவை.

லேபிளில் செலோடேப்

வேண்டாம்.

‘நாட்டுப்பாடல்’ என்று எழுதிவைப்பது

ஆசிரியர் பெயர் தெரியாவிட்டால் நாட்டுப்பாடல் என்று போட்டுவிடுகிறார்கள். விசென்டே ரூபியும் மரியானோ வெஸ்திலும் 1933இல் செபுவில் உருவாக்கிய கிறிஸ்துமஸ் பாட்டு ‘கசட்யா நிங் தக்னா’. அதே மெட்டு பின்னாளில் லெவி செலேரியோ தகாலோக் மொழியில் எழுதிய வரிகளோடு நாடெங்கும் பரவியது. டிசம்பரில் அதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு ரூபியைத் தெரியும்? லேபிளில் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருந்தால், பட்டியலில் அதை முதலில் எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ‘விசயன்’ பெட்டியில் போடுவது

‘உசாஹாய்’ செபுவானோ. ‘தந்தன்சோய்’ இலோயிலோ பக்கத்து ஹிலிகாய்னோன். ‘லவிஸ்விஸ் கவாயன்’ லெய்த்தே, சாமார் தீவுகளின் வாராய். மூன்றும் தனித்தனி மொழிகள். பெட்டியும் மூன்றாக இருக்கட்டும். எந்த மொழி என்று தெரியாவிட்டால், இணைய மொழிபெயர்ப்பை நம்பாமல் அந்தந்தத் தீவுக்காரர் ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்.