ஹெட் கிளீனிங்கை அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள்: பழைய போட்டோ பிரிண்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் வாரத்தில், பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்துவிடுகிறார். இந்த ஆண்டு வந்த இளைஞர் தொழிலுக்குப் புதியவர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆறு வண்ண இங்க் டேங்க் பிரிண்டரை ஆடி மாதம் முழுவதும் உறை போட்டு மூடி வைத்திருந்தவர், முதல் கல்யாண ஆர்டருக்காக அதை இயக்கியபோது முகங்களின் குறுக்கே கோடு விழுந்திருக்கிறது. அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. மாதத் தொடக்கத்தில் நிரப்பிய டேங்குகள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்ததே விடையாக இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான், ஹெட் கிளீனிங்கை அடுத்தடுத்துக் கொடுப்பதைத்தான், செய்தேன்.

காகிதத்தைப் புறம் மாற்றி வைப்பது, காகித வகையைத் தவறாகத் தேர்வது போன்றவை ஒரு தாள் வீணானதும் தாமாகவே புரிந்துவிடும் என்பதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

கோடு விழுந்ததும் ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது

கிளீனிங் என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ துடைக்கும் வேலை நடப்பதாகத் தோன்றுகிறது. உள்ளே நடப்பது பெரும்பாலும் உறிஞ்சும் வேலை. இங்க்கைத் தாளில் தெளிக்கும் ஹெட் ஒதுங்கி நிற்கும் இடத்தில், ரப்பர் விளிம்புள்ள ஒரு கேப் மேலெழுந்து அதன் அடிப்பகுதியை மூடிக்கொள்ள, கீழே உள்ள சிறிய பம்பு எல்லா வண்ணங்களின் இங்க்கையும் இழுத்து, வீணாகும் இங்க்கை உறிஞ்சி வைக்கும் கழிவுப் பேடுக்கு அனுப்புகிறது. எப்சன் எல்805 வகை ஹெட்டில் ஒரு வண்ணத்துக்கு 90 வீதம் ஆறு வண்ணங்களுக்கு 540 துளைகள் உள்ளன. வெளிர் மஜென்டாவில் நான்கு துளைகள் மட்டும் அடைத்திருந்தாலும், ஒவ்வொரு கிளீனிங்கிலும் ஆறு வண்ணங்களும் வெளியேறுகின்றன.

செலவு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கேப்பின் விளிம்பில் இங்க் காய்ந்து படிந்திருந்தால், ஹெட்டோடு அது இறுகப் பொருந்தாது. பம்பு இங்க்கை விட்டுவிட்டுப் பக்கவாட்டிலிருந்து காற்றை இழுக்கும். கேப்பில் வடியாமல் தேங்கிய கலப்பு இங்க், ஒதுங்கி நிற்கும் ஹெட்டின் துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் ஒரு வண்ணத்தில் இருந்த கோளாறு மாலைக்குள் மூன்று வண்ணங்களுக்குப் பரவுவது இப்படித்தான்.

என் கதையில், மறுநாள் காலைக்குள் நூற்றைம்பது மேக்ஸி அளவு போட்டோ பிரதிகள் கொடுக்க வேண்டியிருந்தது. இரவு பதினொரு முறை கிளீனிங் கொடுத்தேன். துளைகள் எல்லாம் இங்க் விடுகின்றனவா என்று காட்டும் சோதனை அச்சான நாசில் செக் ஒவ்வொன்றிலும் இடைவெளிகள் வேறு வேறு இடங்களில் இருந்தன. அதை முன்னேற்றம் என்று எண்ணிப் பன்னிரண்டாவது முறை கொடுத்தபோது, கழிவுப் பேட் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கையுடன் பிரிண்டர் நின்றுவிட்டது. அந்த ஆர்டரை வெளியே கொடுத்து அடித்ததில் லாபம் முழுவதும் போயிற்று. பிறகு திறந்து பார்த்தபோது, பழுதாகியிருந்த பாகம் எதுவும் இல்லை. கேப்பின் விளிம்பில் நகத்தால் சுரண்டும் அளவுக்கு இங்க் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலையை ஓர் இரவு முழுவதும் தவறவிட்டதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

நாசில் செக் தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. இடைவெளி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தால், பெரும்பாலும் துளையில் இங்க் காய்ந்திருக்கிறது. இடம் மாறிக்கொண்டே இருந்தால், காற்று புகுந்திருக்கிறது. அதற்கு மருந்து ஓய்வுதான், இன்னொரு கிளீனிங் மேலும் காற்றை இழுக்கக்கூடும். ஒரு வண்ணம் முழுவதுமாக மறைந்திருந்தால், டேங்கில் இங்க் அளவையும், பிரிண்டரை இடம் மாற்றும்போது இங்க் வழியை அடைக்க மூடிய லாக் வால்வு திறந்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். தேவையானால் இன்னொரு முறை. அதோடு நிறுத்திவிட வேண்டும். அதன் பின் ஹெட்டை நகர்த்தி, நூல் பிரியாத ஃபோம் குச்சியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துக் கேப்பின் விளிம்பைச் சுற்றித் துடைத்துவிட்டு, கேப்பில் சில சொட்டு நீர் விட்டு ஒரு கிளீனிங் கொடுத்துப் பாருங்கள். நீர் வடிந்து போனால் பம்பு வேலை செய்கிறது என்று பொருள். தேங்கி நின்றால், கேப்பையோ குழாயையோ பம்பையோ சரிசெய்யாமல் எத்தனை கிளீனிங் கொடுத்தும் பயனில்லை. பிறகு பிரிண்டரை அணைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

பேடை மாற்றாமல் கவுண்டரை மட்டும் ரீசெட் செய்வது

கவுண்டர் என்பது உள்ளே சேர்ந்த கழிவின் கணக்கு மட்டுமே. கணக்கை அழித்தாலும் ஊறிய பேட் ஊறியபடியேதான் இருக்கும். ஒருநாள் அது வழிந்து மேசையை நனைக்கும். பேடையும் மாற்றிய பிறகுதான் ரீசெட்.

சுவர் சுவிட்சில் அணைப்பது

பிரிண்டரின் சொந்தப் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய்க் கேப்பால் மூடப்படும். அச்சின் நடுவே கரண்ட் போய்விட்டால் ஹெட் திறந்தபடி பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஆகவே மின்சாரம் வந்ததும், வேலை இருக்கிறதோ இல்லையோ, ஒரு முறை இயக்கிப் பட்டனில் அணைத்துவிட வேண்டும். யுபிஎஸ் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

குழாய்த் தண்ணீர்

ஒரு சொட்டும் கூடாது. அதிலுள்ள உப்பு துளையில் தங்கிவிடும்.

என்கோடர் பட்டையை ஸ்பிரிட்டால் துடைப்பது

ஹெட் ஓடும் பாதையின் பின்னால் நீளமாக இழுத்துக் கட்டியிருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டைதான், ஹெட் எங்கே இருக்கிறது என்பதை இயந்திரத்துக்குச் சொல்கிறது. அதில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய கோடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. கிரீஸ் பட்டால் ஹெட் ஓரத்தில் மோதும். ஸ்பிரிட் பட்டால் கோடுகளே அழிந்துபோகலாம். லேசாக நனைத்த மென்துணியால், பட்டையை இழுக்காமல் மெதுவாகத் துடைத்தால் போதும்.

மஞ்சளைச் சரிபார்க்காமல் விடுவது

வெள்ளைத் தாளில் மஞ்சள் இடைவெளிகள் கண்ணுக்குத் தப்பிவிடும். நீல ஒளியில் பார்த்தால் மஞ்சள் கோடுகள் கறுப்பாகத் தெரியும்.

டை இங்க் டேங்கில் பிக்மென்ட் இங்க்

டை என்பது கரைந்த சாயம், பிக்மென்ட் என்பது கரையாத நுண்துகள். கலக்கவே கூடாது.

ஆடி மாதத்தில் சும்மா வைப்பது

வாரம் ஒரு மேக்ஸி அச்சிடுங்கள். அது ஆறு வண்ணங்களையும் தொடும் படமாக இருக்கட்டும். கறுப்பு எழுத்துகள் மட்டும் உள்ள பில்லை அச்சிட்டால் மற்ற ஐந்து வண்ணங்களும் அசையாமல் கிடக்கும்.

அந்த இளைஞரின் பிரிண்டரில் அன்று மாலை கேப்பைச் சுத்தம் செய்து, இரவு முழுவதும் தொடாமல் வைத்திருந்தோம். மறுநாள் காலை முதல் கிளீனிங்கிலேயே வெளிர் மஜென்டா முழுதாக வந்தது. பேட் மாற்றும் வேலை மட்டும் மீதியிருக்கிறது.