நவஹோ புராஜெக்ட் வீட்டுக்கு வரும்போது

அரிசோனாவுக்குக் குடிவந்து பிள்ளையைத் தொடக்கப் பள்ளியில் சேர்த்திருக்கிறீர்களா? என்றாவது ஒரு மாலை, "அம்மா, எங்க குரூப்புக்கு நவஹோ" என்று ஒரு தாளோடு வந்து நிற்கும். நவஹோ என்றால் இந்தப் பகுதியின் பழங்குடி மக்கள். அவர்களைப் பற்றி ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு நெசவு, ஒருவருக்கு வரலாறு என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். உடனே அட்டையும் பசையும் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நான் அப்படித்தான் நடுராத்திரி வரை உட்கார்ந்து, ஹோகன் எனப்படும் அவர்களுடைய வீட்டை அச்சு அசலாகச் செய்து கொடுத்தேன். வாசல் ஏன் கிழக்கே பார்க்கிறது என்று குழுவில் கேட்டதற்கு என் மகன் திருதிருவென்று விழித்திருக்கிறான். விடியலை வரவேற்கத்தான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த முறையில் அவரவர் பங்கை அவரவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒரு பிள்ளை முழித்தால் குழுவுக்கே அந்தப் பகுதி போச்சு. ஆகவே செய்து கொடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடுவது அவர்களுடைய குலமுறைதான். தங்களை அவர்கள் 'தினே' என்பார்கள். மக்கள் என்று பொருள். புதியவரிடம் அறிமுகம் செய்துகொள்ளும்போது முதலில் தாயின் குலம், அடுத்து தந்தையின் குலம், பிறகு அம்மாவழித் தாத்தாவுடையது, கடைசியில் அப்பாவழித் தாத்தாவுடையது என நான்கையும் சொல்வது மரபு. ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. "நீங்க எந்தக் கூட்டம்?" என்று கேட்டே பழகிய கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வித்தியாசம், அங்கே பிள்ளை தாயின் குலம்.

அதே ஜோரில் மணல் ஓவியத்தைப் பார்த்து "அட, நம்ம ரங்கோலி!" என்று கலர்ப்பொடியை எடுத்துவிடாதீர்கள். நோய் தீர்க்கும் சடங்கில் வரைந்து, சடங்கு முடிந்ததும் கலைத்துவிடுகிற புனிதமான விஷயம் அது. அட்டையில் நூல் கட்டி நெசவு செய்து பார்க்கட்டும், போதும்.

வரலாறு கிடைத்த பிள்ளைக்கு 1864 முக்கியம். அமெரிக்க ராணுவம் அவர்களை நியூ மெக்சிகோவின் போஸ்க் ரெடோண்டோவுக்கு நடத்தியே கொண்டுபோய் அடைத்த ஆண்டு. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். ஆனால் கட்டுரை முழுக்க "வாழ்ந்தார்கள்" என்றே எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். விண்டோ ராக் தலைநகரில் அவர்களுடைய அரசு இன்றும் நடக்கிறது. வகுப்பிலேயே ஒரு தினே பிள்ளை இருக்கலாம்.

முடிந்தால் விண்டோ ராக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆட்களைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். அப்புறம், கடிகாரம்! அரிசோனா கோடையில் மணியை மாற்றுவதில்லை, நவஹோ நாடு எனப்படும் அவர்களுடைய தன்னாட்சிப் பகுதி மாற்றும். ஃபீனிக்ஸில் ஒன்பது என்றால் அங்கே பத்து. டூர் பதிவு செய்யும்போதே எந்த மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.